கடை எல்லை தாண்டும், வீடு தாண்டாது

2013 ஜூலையில் ஜெர்மனியின் ப்ராக்டிகர் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. சுத்தியல் முதல் குளியல் தொட்டிவரை வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்றுவந்த நிறுவனம் அது. ஆண்டுக்குச் சுமார் 300 கோடி யூரோ வியாபாரம், நாடெங்கும் கடைகள், குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த விளம்பர வாசகம் என எல்லாம் இருந்தும் அது பிழைக்கவில்லை. சில மாதங்களில் ஜெர்மன் மண்ணில் அதன் கடைகள் அத்தனையும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. ஆனால், ஏதென்ஸிலும் புடாபெஸ்டிலும் சோஃபியாவிலும் அதே பெயரில் கடைகள் தொடர்ந்து நடந்தன. தாய் நிறுவனம் மறைந்த பிறகு, அயல்நாட்டுக் கிளைகளை வேறு முதலாளிகள் வாங்கி நடத்தினார்கள்.

அதே துறையில், அதே நாட்டில் பிறந்த ஹார்ன்பாக் நிறுவனத்தின் கதை வேறு. 1996-ல் முதன்முறையாக எல்லை தாண்டிய அந்த நிறுவனம் இன்று பல ஐரோப்பிய நாடுகளில் இயங்குகிறது. அதன் விற்பனையில் ஏறக்குறைய பாதி ஜெர்மனிக்கு வெளியே நடக்கிறது. ஒரே மொழி, ஒரே மாதிரிச் சரக்கு, ஒரே காலம். இருந்தும் ஒன்று வீழ்ந்தது, மற்றொன்று வேரூன்றியது. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை முதலீட்டுத் தொகையில் தேடினால் கிடைக்காது. மக்கள் எப்படி வீடு கட்டுகிறார்கள், யார் கையில் கொத்துக்கரண்டி இருக்கிறது, அந்தக் கைக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதில்தான் தேட வேண்டும். சென்னையில் தைத்த சட்டையைப் பெர்லினில் உடுத்தலாம். பெர்லினில் செய்த கதவுச் சட்டத்தை எல்லா ஊர்ச் சுவரிலும் பொருத்த முடியாது. வீடு உள்ளூர்ச் சமாச்சாரம். அதை மதிக்காத எந்தப் பன்னாட்டு வணிகமும் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது.

சனிக்கிழமையின் சந்தை

ஜெர்மானியர்கள் 'பாவ்மார்க்ட்' என்று அழைக்கும் இந்தக் கடைகள் ஒரு குறிப்பிட்ட சமூகச் சூழலின் பிள்ளைகள். 1960-ல் மன்ஹைம் நகரில் ஹைன்ஸ் கெயோர்க் பாவ்ஸ் தனது 'பாவ்ஹாவ்ஸ்' கடையைத் திறந்தார். அதுவரை ஆணிக்கு ஒரு கடை, மரத்துக்கு ஒரு கடை, பெயின்ட்டுக்கு ஒரு கடை என அலைய வேண்டும். மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும். அந்த வழக்கத்தை மாற்றி, வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையை அவர் கொண்டுவந்தார். 1877-ல் லாண்டாவ் ஊரில் கூரை வேயும் பட்டறையோடு தொழிலைத் தொடங்கிய ஹார்ன்பாக் குடும்பம், 1968-ல் பக்கத்து ஊரான போர்ன்ஹைமில் கட்டுமானப் பொருள்களையும் தோட்டப் பொருள்களையும் சேர்த்து விற்கும் கடையைத் திறந்தது. 1970-ல் மான்ஃப்ரெட் மாவ்ஸும் எமில் லுக்ஸும் ஹாம்பர்க்கில் 'ஓபி'யைத் தொடங்கினார்கள்.

ஏன் ஜெர்மனியில் இது இப்படித் தழைத்தது? முதல் காரணம், அங்கே தொழிலாளியின் நேரம் விலை உயர்ந்தது. முறையாகப் பயிற்சி பெற்ற தச்சரையோ குழாய்ப் பணியாளரையோ அழைத்தால், பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். இது குறையல்ல, பெருமை. கைத்தொழிலுக்கு மரியாதையும் நியாயமான ஊதியமும் தரும் சமூகத்தில் சின்னச் சின்ன வேலைகளை வீட்டுக்காரர் தானே செய்யப் பழகிக்கொள்கிறார்.

இரண்டாவது காரணம் வாடகை வீடு. ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீடுகளில்தான் வாழ்கிறார்கள். பல வீடுகள் சமையலறை மேடையும் அலமாரியும் இல்லாமல் வெறும் குழாயோடும் மின் இணைப்போடும் மட்டுமே வாடகைக்கு வரும். குடிவருபவரே சமையலறையை அமைத்துக்கொள்ள வேண்டும். காலி செய்யும்போது சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பல வாடகை ஒப்பந்தங்களில் இருந்துவந்தது. அந்த நிபந்தனை எதுவரை செல்லும் என்பதைப் பற்றி அந்நாட்டு நீதிமன்றங்கள் எத்தனையோ தீர்ப்புகள் சொல்லியிருக்கின்றன. அதனால்தான் அங்கே சொந்த வீடு இல்லாதவரும் பெயின்ட் ரோலர் வாங்குகிறார்.

மூன்றாவது, ஓய்வு நாள். ஞாயிறன்று கடைகள் அடைப்பு. துளைப்பான் சத்தம் அண்டை வீட்டுக்குக் கேட்டாலே புகார் வரும். எனவே வீட்டு வேலைகள் சனிக்கிழமையில் குவிகின்றன. அன்று ஒரு பாவ்மார்க்ட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்தச் சமூகமே தெரியும். பின்பக்கம் மரம் அறுக்கும் இடத்தில் மக்கள் துண்டுச் சீட்டில் அளவு எழுதி வரிசையில் நிற்பார்கள். ஊழியர் பலகையைச் சொன்ன அளவுக்கு அறுத்து, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக் கொடுப்பார். பெயின்ட் கலக்கும் எந்திரத்தின் முன்னால், பழைய சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் காட்டி "இதே நிறம் வேண்டும்" என்று ஒருவர் கேட்பார். பெரிய ஹார்ன்பாக் கடைகளில் காரையே கூடத்துக்குள் ஓட்டிப்போய், சிமென்ட் மூட்டையையும் நடைபாதைக் கல்லையும் ஏற்றிக்கொண்டு, வெளியேறும் வாசலில் பணம் கட்டலாம். அந்தக் கூடத்தில் விற்பனையாகும் ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் அந்த நாட்டின் கூலி விகிதமும் வாடகைச் சட்டமும் விடுமுறை வழக்கமும் இருக்கின்றன.

கிழக்கே திறந்த கதவு

1989-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பா திறந்தபோது இந்த நிறுவனங்கள் அங்கே விரைந்தன. ஹங்கேரி, செக் குடியரசு, போலந்து, ருமேனியா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகள் முளைத்தன. பல இடங்களில் அவை நன்றாகவே வேர்விட்டன. அதற்குக் காரணம் ஜெர்மன் சரக்கின் தரம் மட்டும் அல்ல. அந்த மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

கம்யூனிஸ ஆட்சிக் காலத்தில் பொருள் தட்டுப்பாடு இருந்தது. கெட்டுப்போன ஒன்றைத் தூக்கி எறிய முடியாது, சரிசெய்துதான் ஆக வேண்டும். போலந்துத் தொலைக்காட்சியில் ஆடம் ஸ்வோதோவி என்பவர் 1959 முதல் 1983 வரை, கையில் கிடைத்ததை வைத்து வீட்டுப் பொருள்களைத் தானே செய்துகொள்வது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். ஒரு தலைமுறையே அந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தது. ஆட்சி மாறியதும் அரசுக் குடியிருப்புகள் குறைந்த விலையில் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. இன்று ருமேனியாவில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இதுதான் மிக உயர்ந்த அளவு. கையில் திறமை, சொந்தமாகப் பழைய வீடு, கடையில் வாங்கப் பொருள் இல்லாத நீண்ட காலம். இப்படிப்பட்ட மக்களிடம்தான் பாவ்மார்க்ட் போய்ச் சேர்ந்தது. அதை வரவேற்றவர்கள் ஏமாளிகளும் அல்ல, மேற்கின் பகட்டில் மயங்கியவர்களும் அல்ல. தங்களுக்கு எது தேவை என்று தெரிந்தவர்கள்.

சீனத்தில் கற்ற பாடம்

கிழக்கு ஐரோப்பாவில் பலித்தது எங்கும் பலிக்கும் என்ற நம்பிக்கையோடு ஓபி சீனாவுக்குப் போனது. மேலோட்டமாகப் பார்த்தால் அதைவிட நல்ல சந்தை உலகில் இல்லை. நகரங்கள் பெருகிக்கொண்டிருந்தன. லட்சக்கணக்கான புதிய அடுக்ககங்கள் பூச்சோ தரையோ குளியலறையோ இல்லாமல் வெறும் கான்கிரீட் கூடாக விற்கப்பட்டன. வாங்கியவர் ஓடு, குழாய், விளக்கு, கதவு என அத்தனையும் வாங்கியாக வேண்டும்.

ஆனால், வாங்கியவர் வேலை செய்யவில்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த தொழிலாளர்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். வீட்டு உள்வேலையை மொத்தமாக ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். எந்தக் கடையில், எந்த விலையில் வாங்குவது என்பதை அந்த ஒப்பந்தக்காரரே பெரும்பாலும் முடிவுசெய்தார். நூற்றுக்கணக்கான சின்னக் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் கட்டுமானப் பொருள் அங்காடிகள் அவருக்குப் போதுமானவையாக இருந்தன, பேரம் பேசவும் வசதி. சனிக்கிழமையன்று தானே பலகை அறுக்கும் குடும்பத்தலைவருக்காக வடிவமைத்த கடைக்கு அங்கே வேலை இல்லை.

2005-ல் ஓபி தன் சீனக் கடைகளைப் பிரிட்டனின் கிங்ஃபிஷர் குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. வாங்கிய கிங்ஃபிஷரும் 2014 இறுதியில் தன் சீனத் தொழிலின் பெரும்பங்கை உள்ளூர் நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. 2006-ல் அங்கே நுழைந்த அமெரிக்காவின் ஹோம் டிப்போ, 2012-ல் எஞ்சியிருந்த ஏழு பெரிய கடைகளையும் மூடியது. மூன்று நாடுகளின் மூன்று பெரும் நிறுவனங்கள் ஒரே சுவரில் மோதின. மக்கள்தொகையைக் கணக்கிட்டவர்கள் கூலியைக் கணக்கிடவில்லை. உழைப்பு மலிவாக இருக்கும் நாட்டில் 'நீங்களே செய்யுங்கள்' என்ற அழைப்புக்குச் செவிசாய்க்க ஆள் கிடைக்காது.

தள்ளுபடி கொன்ற நிறுவனம்

அப்படியானால் ப்ராக்டிகர் ஏன் வீழ்ந்தது? சொந்த நாட்டின் வழக்கங்கள் தெரியாத நிறுவனம் அல்ல அது. அதன் நோய் வேறு. 'எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி, வளர்ப்புப் பிராணிகளின் உணவு தவிர' என்ற விளம்பரம் ஜெர்மனி முழுக்க ஒலித்தது. தள்ளுபடி நாளில் கூட்டம் அலைமோதியது. நாளடைவில் மக்கள் தெளிவாகக் கணக்குப் போட்டார்கள். 20 சதவீதம் குறைத்துத் தர முடியும் என்றால், மற்ற நாள்களில் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்? தள்ளுபடிக்குச் சற்று முன்பு சில பொருள்களின் விலை உயர்த்தப்பட்டிருந்த விவகாரத்தில், அந்த விளம்பரம் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதாக 2008-ல் ஜெர்மனியின் உயர்நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2010 இறுதியில் நிறுவனம் அந்த வாசகத்தைக் கைவிட்டது. அதற்குள் வாடிக்கையாளருக்கும் கடைக்கும் இடையில் விலையைத் தவிர வேறு எந்த உறவும் மிஞ்சியிருக்கவில்லை. அறிவுரை சொல்லத் தெரிந்த ஊழியர், நம்பி வாங்கக்கூடிய சரக்கு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் பொருந்தக்கூடிய உதிரிபாகம் ஆகியவற்றில் சேமித்திருக்க வேண்டிய நம்பிக்கையைத் தள்ளுபடி தின்றுவிட்டது. 2007-ல் வாங்கிய மாக்ஸ் பார் என்ற தரமான கடைத் தொடரும் தாய் நிறுவனத்தோடு சேர்ந்து மூழ்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது, வெளிநாட்டுக் கிளைகள் எப்படிப் பிழைத்தன என்பது. கிரேக்கக் கிளையை 2014-ல் கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ் நிறுவனம் வாங்கியது. அதன் தலைவர் ஹைதராபாத்தில் பிறந்த பிரேம் வாட்சா. கிரேக்கம் கடும் கடன் நெருக்கடியில் இருந்த காலம் அது. அப்போதும் அங்கே அந்தக் கடைகளுக்கு மதிப்பு இருந்தது. உள்ளூர் மேலாளர்களும் உள்ளூர் வாடிக்கையாளர்களும் கட்டியெழுப்பிய உறவு, தலைமையகத்தின் தவறுகளைத் தாண்டி நின்றது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அகலக்கால் வைப்பதன் ஆபத்துக்கு அண்டை நாடான ஆஸ்திரியாவே சாட்சி. கார்ல்ஹைன்ஸ் எஸ்ஸல் நிறுவிய பாவ்மாக்ஸ், கிழக்கே ருமேனியா, பல்கேரியா, துருக்கிவரை கடன் வாங்கிக் கடை திறந்தது. 2008 நிதி நெருக்கடியில் வீடு கட்டும் வேலை நின்றதும் கடன் கழுத்தை நெரித்தது. 2015-ல் நிறுவனம் சிதறியது. ஆஸ்திரியாவிலும் அண்டை நாடுகளிலும் அதன் கடைகளில் பெரும்பாலானவற்றை ஓபி எடுத்துக்கொண்டது.

நிதானம் தந்த பலன்

ஹார்ன்பாக் போன வழி இதற்கு நேர் எதிர். முதலில் 1996-ல் அதே மொழி பேசும் ஆஸ்திரியா. அடுத்து நெதர்லாந்து, லக்சம்பர்க், செக் குடியரசு. பிறகு சுவிட்சர்லாந்து, சுவீடன், ஸ்லோவாக்கியா. 2007-ல், ஐரோப்பிய ஒன்றியத்தில் ருமேனியா சேர்ந்த அதே ஆண்டில், அங்கே முதல் கடை. அடுத்த ஆண்டே நெருக்கடி வந்தபோதும் அது ஓடிவிடவில்லை. ஒரு நாட்டில் காலூன்றிய பிறகே அடுத்த நாடு என்ற ஒழுங்கு அந்தப் பயணத்தில் தெரிகிறது. 'இன்று மட்டும் மலிவு' என்று கூவாமல், எப்போதும் ஒரே குறைந்த விலை என்பதைக் கொள்கையாக அறிவித்தது. வீட்டைப் புதுப்பிப்பவர் பாதி வேலையில் ஓடு போதாமல் நிற்கக் கூடாது என்பதற்காகப் பெருமளவில் இருப்பு வைத்தது.

நிதானம் ஏன் தேவை என்பது ஒரு சின்ன மின்செருகுக் குழியைப் பார்த்தாலே புரியும். ஜெர்மனியில் பக்கவாட்டில் நிலத்தொடர்புத் தகடு உள்ள குழி. எல்லை தாண்டிச் செக் குடியரசுக்குப் போனால் குழிக்குள் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவிட்சர்லாந்தில் வடிவமே வேறு. டென்மார்க்கில் இன்னொன்று. ஆக, இந்த ஒரு சாதாரணப் பொருளுக்கே நாட்டுக்கு நாடு தனிச் சரக்கு, தனிக் கொள்முதல், விளக்கிச் சொல்லத் தெரிந்த தனி ஊழியர் வேண்டும். சட்டமும் மாறுகிறது. சுவீடனில் புதிய மின்கம்பி இழுக்கும் வேலையைத் தகுதி பெற்றவர்தான் செய்ய வேண்டும். வீட்டுப் பழுதுபார்ப்புக்கு ஆள் வைத்தால் அந்தக் கூலியில் ஒரு பங்கை அரசு வரிக் கழிவாகத் திருப்பித் தருகிறது. வீட்டுக்காரரே செய்யும் வேலை எவ்வளவு, தொழிலாளியிடம் போகும் வேலை எவ்வளவு என்பதை அங்கே வரிச் சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

ஓபி ஆரம்பத்திலேயே ஒரு நல்ல காரியம் செய்தது. உள்ளூர் வணிகர்களைப் பங்காளிகளாகச் சேர்த்து, பெயரையும் கொள்முதல் பலத்தையும் கொடுத்து, கடையை அவர்களையே நடத்தச் சொன்னது. சுவிட்சர்லாந்துக்குப் போனபோதும் அந்நாட்டின் மிக்ரோஸ் கூட்டுறவு நிறுவனத்தோடு இப்படித்தான் கைகோத்தது. ஊரை அறிந்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது வணிகத் தந்திரம் மட்டும் அல்ல, மரியாதையும்கூட.

அந்த மரியாதை தவறினால் கடை இல்லாத நாட்டிலிருந்தும் எதிர்ப்பு வரும். 2019-ல் ஹார்ன்பாக் வெளியிட்ட ஒரு விளம்பரத்தில், தோட்ட வேலை செய்த வெள்ளை ஆண்களின் வியர்வை படிந்த உடைகளை ஓர் ஆசியப் பெண் முகர்ந்து கிறங்குவதாகக் காட்டினார்கள். தென்கொரியாவில் கொதிப்பு எழுந்தது. இனவெறியும் பெண் இழிவும் கலந்தது என்று ஆயிரக்கணக்கானோர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் முழுக்க நியாயமானது. பல நாடுகளில் விற்கிறவருக்கு எல்லா நாட்டு மனிதரையும் சமமாகப் பார்க்கும் கடமை உண்டு.

வெளியேறும்போதும் பொறுப்பு

2003-ல் மாஸ்கோவில் முதல் கடையைத் திறந்த ஓபி, 2022-ல் ரஷ்யாவில் 27 கடைகள் வைத்திருந்தது. உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய அடுத்த மாதமே அங்கிருந்து விலகுவதாக அறிவித்து, பிறகு விற்பனைப் பணம் எதுவும் பெறாமல் தொழிலைக் கைமாற்றியது. வணிகத்துக்கும் மனசாட்சி உண்டு என்று காட்டிய முடிவாக அதை மதிக்கிறேன். கூடவே, அந்தக் கடைகளில் உழைத்தவர்கள் போரை முடிவுசெய்தவர்கள் அல்ல என்பதையும் மறக்க முடியாது. ஒரு நாட்டுக்குள் நுழையும்போது முதலமைச்சரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், வெளியேறும்போது ஊழியருக்கும் சரக்கு தந்த சிறு உற்பத்தியாளருக்கும் என்ன செய்கின்றன என்பதே உண்மையான அளவுகோல்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தியாவில் இன்றுவரை எந்த ஜெர்மன் பாவ்மார்க்ட்டும் பெருங்கடை திறக்கவில்லை. ஆனால் ப்ராக்டிகரின் முன்னாள் உரிமையாளரான மெட்ரோ குழுமம் 2003-ல் மொத்த வணிகத்துக்காக இங்கே வந்தது. 2022 டிசம்பரில் தன் 31 கடைகளையும் 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸுக்கு விற்பதாக அறிவித்து வெளியேறியது. பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2012-ல் மத்திய அரசு கதவைத் திறந்தது. அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டபோது தமிழ்நாடு மறுத்தது. அந்த விவாதம் மீண்டும் வரும். வரும்போது, 'எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலை' என்ற இரண்டே கேள்விகளோடு அதை முடித்துவிடக் கூடாது.

நம் ஊரில் வீட்டுக்கான சாமான் பட்டியலை எழுதுவது மேஸ்திரியும் எலெக்ட்ரீஷியனும் பெயின்டரும்தான். பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்காக டோக்கன் வைத்து விற்கும் நாடு இது. நிறுவனங்களுக்கே தெரியும், முடிவு யார் கையில் என்று. தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் கடனுக்குச் சாமான் கொடுக்கிறார், மிஞ்சியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார், நம்பகமான கொத்தனாரின் எண்ணையும் தருகிறார். இந்த உறவுகளை அழித்துவிட்டு வரும் பெருங்கடை நமக்கு வேண்டாம். இவற்றோடு சேர்ந்து வளரத் தெரிந்த கடை என்றால், அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே, வரும் நிறுவனத்திடம் அரசு கேட்க வேண்டியவை தெளிவானவை. உள்ளூர் வணிகரைப் பங்காளியாக ஏற்பீர்களா? கட்டுமானத் தொழிலாளிக்குப் பயிற்சி தருவீர்களா? உள்ளூர்ச் சிறு தொழிற்சாலைகளின் சரக்கை எவ்வளவு வாங்குவீர்கள்? வெளியேற நேர்ந்தால் ஊழியரின் நிலுவைக்கு யார் பொறுப்பு?

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. ஜெர்மனியில் பாவ்மார்க்ட் வளர்ந்ததற்கு அடிப்படை, அங்கே தச்சருக்கும் குழாய்ப் பணியாளருக்கும் கிடைக்கும் முறையான பயிற்சியும் கௌரவமான கூலியும். அந்த நாட்டிலிருந்து நாம் எதையாவது இறக்குமதி செய்ய வேண்டுமென்றால், கடைக்கு முன்பாக இதைச் செய்வோம். நம் வீடுகளைக் கட்டும் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் பயிற்சி, சான்றிதழ், காப்பீடு, உரிய ஊதியம் ஆகியவற்றை உறுதிசெய்ய இன்னொரு நாட்டு முதலாளியின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.